லயத்துக்கு வந்து சேராத ஆய்வு

"செமினாருக்கு வாறியா?" என்று கேட்டால் நம்ம பசங்க முதல்ல கேட்கிறது "சர்டிபிகேட் தருவாங்களா?" அடுத்தது "சாப்பாடு இருக்கா?" அவங்களையும் குறை சொல்ல முடியாது. பத்து நிமிஷம் ஸ்லைட், ரெண்டு நிமிஷம் கேள்வி, கடைசியில் ஒரு குரூப் போட்டோ என்றுதான் பல ஆய்வரங்குகள் முடிஞ்சு போகுது. இருந்தாலும், பொறியியல் படிக்கிற மலையகப் பிள்ளைகள் அந்தக் கதிரையை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கருத்து.

வகுப்பில் தருகிற கணக்குக்கு விடை ஏற்கெனவே விரிவுரையாளரிடம் இருக்கும். ஆய்வரங்குக்கு நாம் கொண்டுபோகிற கேள்விக்கு விடை அங்கே யாரிடமும் இருக்காது. "இந்த எண் எங்கிருந்து வந்தது? மழைக்காலத்தில் அளந்தீங்களா, வெயில் காலத்திலா?" என்று யாராவது கேட்பார்கள். அதற்குப் பதில் தேடித்தான் திரும்பவும் மலை ஏற வேண்டிவரும்.

1918-இல் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் ஒரு கட்டுரை வாசித்தார். நம் மலைநாட்டு ஆறுகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு காட்டினார். காலனி அரசு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லக்ஸபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950-இல். 32 வருஷம் இழுபட்டாலும், எழுத்தில் பதிவாகி சபையில் விவாதத்துக்கு வந்த யோசனையைப் புதைத்துவிட முடியவில்லை.

நம் பதுளை மாவட்டத்தின் கதை வேறு. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. ஆய்வு இருந்தது, அறிக்கையும் இருந்தது. ஆனால் "இங்கேயிருந்து போங்க" என்று சொன்னால் போதுமா? எங்கே போவது, யாருடைய காணியில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எங்கே, காலையில் கொழுந்து மலைக்கு எப்படி வருவது? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் ஒரு குடும்பம் எப்படிக் காம்பராவைக் காலிபண்ணும்?

24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்று அந்த நிறுவனம் அளவு வைத்திருக்கிறது. நல்ல அளவுதான். ஆனால் நம்ம தோட்டத்தில் மழைமானி எங்கே இருக்கு? இரவு ரெண்டு மணிக்கு யார் பார்ப்பார்? பார்த்தவர் மேல் லயத்துக்கு எப்படிச் சொல்வார், எந்த மொழியில்? இவை ஒவ்வொன்றும் ஒரு இறுதியாண்டு ஆய்வுக்குப் போதுமான கேள்வி. இதைக் கேட்க பேராதனையிலோ மொரட்டுவையிலோ படிக்கிற, லயத்தில் வளர்ந்த ஒரு பிள்ளையைவிடப் பொருத்தமானவர் யார்?

பதுளையில் 2005-லிருந்து ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே அங்கே ஒரு பட்டப்படிப்பும் உண்டு. எனவே கேட்க ஆளோ இடமோ இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

எங்கள் வேண்டுகோள் ரெண்டுதான். ஒன்று, தலைப்புத் தேடி இன்டர்நெட்டில் அலையாமல், ஒரு தடவை உங்கள் தோட்டத்துக் கானையும் தடுப்புச் சுவரையும் போய்ப் பாருங்கள். இரண்டு, ஆய்வரங்கில் ஆங்கிலத்தில் சொன்னதை அந்தத் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்திலோ கோயில் மண்டபத்திலோ தமிழில் இன்னொரு தடவை சொல்லுங்கள். கொழுந்து எடுக்கிற ஒரு அம்மா, "அந்தக் கல்லுக்குக் கீழே போன வருஷமே வெடிப்பு இருந்திச்சே தம்பி" என்று சொல்லக்கூடும். எந்த முன்வரிசைப் பேராசிரியருக்கும் தெரியாத தகவல் அது.

சர்டிபிகேட் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு இருந்தால் சாப்பிடுங்கள். ஆனால் கேள்வி கேட்காமல் மட்டும் எழுந்து வராதீர்கள்.