கடையில் வை, வீட்டை அங்கே கட்டாதே

கட்டற்ற மென்பொருள் என்று நாலு பேர் கூடினால் எந்த மொழியில் நிரல் எழுதுவது என்று ஒரு மணி நேரம் அடித்துக்கொள்வோம். செய்ததை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு அஞ்சு நிமிஷம்தான். "கிட்ஹப்ல போட்டுடலாம்டா", "வேர்ட்பிரஸ்ல ஒரு சைட் போட்டுடலாம்டா", அவ்வளவுதான், டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். என்னைக் கேட்டால் அந்த அஞ்சு நிமிஷம்தான் ஆபத்து.

பொதுவாகப் பேசினால் கொட்டாவி வரும். நம் ஊர் உதாரணமே சொல்கிறேன். கச்சான், சோழகம், கொண்டல், கரைவலை, வத்தை, வல்லம். ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் பிறந்த யாருக்கும் இவற்றுக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். ஆனால் கணினியில் எழுத்துப்பிழை திருத்திக்குத் தெரியாத சொல் என்றால் சிவப்புக் கோடுதான். தாத்தா தினமும் பேசின சொல்லைப் பேரன் தட்டச்சு செய்தால் "பிழை" என்கிறது இயந்திரம். இதைச் சரிசெய்வது நம் வகுப்பிலேயே முடிகிற வேலை. ஹன்ஸ்பெல் அகராதி என்பது ரெண்டே ரெண்டு எழுத்துக் கோப்பு. ஒன்றில் சொற்கள், மற்றதில் விகுதி சேரும் விதிகள். இன்னும் ஒன்றிரண்டு விவரக் கோப்புகளோடு ஜிப் செய்தால் அதுதான் லிப்ரே ஆஃபீஸ் நீட்சி. செய்துவிடலாம். ஆனால் செய்ததை அடுத்த இருபது வருஷத்துக்கு எங்கே வைப்பீர்கள்?

"பெரிய கம்பெனி இலவசமா இடம் தருது, அங்கேயே வை" என்பவர்களுக்கு முதல் கும்பிடு. கூகுள் கோட் ஞாபகம் இருக்கிறதா? கூகுளை விடப் பெரிய கம்பெனி எது என்று நம்பித்தான் உலகமே அங்கே போனது. 2015 மார்ச்சில் மூடப்போவதாகச் சொன்னார்கள், 2016 ஜனவரியில் மூடினார்கள். காப்பகம் வைத்தார்கள், உண்மைதான். ஆனால் காப்பகத்தில் புதுப் பதிப்பு போட முடியாது. சோர்ஸ்ஃபோர்ஜ் இன்னும் ஒரு படி மேலே. 2015இல் ஜிம்ப் மென்பொருளின் விண்டோஸ் நிறுவி இருந்த கணக்கைத் தானே கையில் எடுத்துக்கொண்டு, அதில் விளம்பரச் சரக்கைச் சேர்த்துக் கொடுத்தது. உழைப்பு ஒருத்தருடையது, வசூல் இன்னொருத்தருக்கு.

"அப்போ அந்தந்தத் திட்டத்தோட சொந்த நீட்சித் தளத்துல வைக்கலாமே?" நல்ல கேள்வி. தமிழ் வலைப்பதிவுகள் களைகட்டிய நாட்களில் ஃபயர்ஃபாக்ஸுக்கு 'தமிழ்விசை' என்று ஒரு நீட்சி இருந்தது. தனியாக மென்பொருள் எதுவும் நிறுவாமல் உலாவிக்குள்ளேயே தமிழ் தட்டலாம். 2017 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 57 வந்தபோது அந்தக் காலத்து முறையில் எழுதிய நீட்சிகள் எல்லாமே ஒரே நாளில் நின்றன. 2018 அக்டோபரில் தளத்திலிருந்தும் அவற்றை எடுத்துவிட்டார்கள். வெளியாட்கள் சிலர் முன்யோசனையோடு பிரதி எடுத்து வைத்த புண்ணியத்தில்தான் 19,000க்கும் மேற்பட்ட பழைய நீட்சிகள் பிழைத்தன. மோசில்லா கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாதுகாப்பு, வேகம் என்று காரணங்கள் இருந்தன. ஆனால் நம் பொருள் நம்மைக் கேட்காமல் போகும் என்பதுதான் விஷயம்.

எண்ணமும் எப்போதும் நல்லதாக இருக்காது. 2024 அக்டோபரில் வேர்ட்பிரஸ் தளத்தை நடத்துபவர்களுக்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் சண்டை வந்தது. 20 லட்சத்துக்கும் அதிகமான தளங்களில் ஓடிய ஒரு செருகுநிரலை, அது இருந்த பக்கத்தோடு சேர்த்து எடுத்து, பெயரை மாற்றித் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டார்கள். டிசம்பரில் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த நிறுவனத்துக்கு வக்கீல் வைக்கக் காசு இருந்தது. பரமக்குடியிலோ தங்கச்சிமடத்திலோ உட்கார்ந்து அகராதி செய்கிறவனுக்கு?

அடுத்த கும்பிடு எதிர்க்கட்சிக்கு. "நாமே ட்ருப்பல்ல, ப்ளோன்ல பெரிய போர்ட்டல் போடுவோம், பயனர் கணக்கு, நட்சத்திர மதிப்பெண் எல்லாம் வைப்போம்." ஆசை நல்லதுதான். பெரிய திட்டங்களே அதில் மூச்சுத் திணறியிருக்கின்றன. லிப்ரே ஆஃபீஸின் நீட்சித் தளம் பல வருஷம் ப்ளோனில் ஓடிவிட்டுப் பிறகு சில்வர்ஸ்ட்ரைப்புக்கு மாறியது. மோசில்லா 2010இல் பிஎச்பியை விட்டு ஜாங்கோவுக்குப் போனது. அவர்களிடம் ஆள் இருந்தது, மாறினார்கள். நம்மிடம்? 2014 அக்டோபரில் ட்ருப்பலில் ஒரு ஓட்டை வெளியானபோது, ஏழு மணி நேரத்துக்குள் அடைக்காத தளம் உடைக்கப்பட்டதாகவே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே அறிவித்தார்கள். செமஸ்டர் பரீட்சைக்கு நடுவில் யார் அடைப்பது? நாலு வருஷத்தில் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடப் போகிறவர்கள் நாம். போர்ட்டலைக் கட்டியவன் போன அடுத்த வருஷம் அதில் சூதாட்ட விளம்பரம் ஓடும்.

1964 டிசம்பர் புயலை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பாம்பன் பாலம் சிதைந்தது, 46 நாளில் சரிசெய்தார்கள். தனுஷ்கோடி ரயில் பாதை போனது போனதுதான். புயல் ஒன்றேதான். ஒன்றைத் திரும்பக் கட்ட முடிந்தது, கட்ட ஆளும் இருந்தார்கள். மற்றதற்கு நின்ற மண்ணே மிஞ்சவில்லை. ஆகவே தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது "எது அழகாக இருக்கிறது" என்று கேட்காதீர்கள். "இது நாளைக்குக் காணாமல் போனால் எத்தனை நாளில் திரும்ப எழுப்புவோம்" என்று கேளுங்கள்.

என் பதில் ரொம்பச் சாதாரணமானது, கேட்டால் சப்பென்று இருக்கும். சொந்தமாக ஒரு டொமைன் பெயர். அதில் தரவுத்தளம் எதுவும் இல்லாத வெறும் எச்டிஎம்எல் பக்கங்கள். நீட்சிக் கோப்புகளும் மூலமும் கிட்டில், குறைந்தது ரெண்டு வெவ்வேறு இடங்களில். ஒவ்வொரு பதிப்புக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒரு பிரதி. உடைக்க அதில் எதுவும் இல்லை. எந்த வழங்கியிலும் பத்து நிமிஷத்தில் திரும்ப ஏற்றிவிடலாம்.

டொமைன் எதற்கு என்றால், காரணம் நீட்சிக்குள்ளேயே இருக்கிறது. லிப்ரே ஆஃபீஸ் நீட்சியின் விவரக் கோப்பில், புதுப் பதிப்பு வந்திருக்கிறதா என்று எங்கே போய்ப் பார்ப்பது என ஒரு முகவரி எழுதலாம். அங்கே அடுத்தவர் முகவரியை எழுதினால், அந்தத் தளம் மூடிய அன்றே ஏற்கனவே நிறுவிய அத்தனை கணினியோடும் நம் தொடர்பு அறுந்துவிடும். நம் முகவரியாக இருந்தால் பின்னால் வழங்கியை எத்தனை முறை மாற்றினாலும் பயனருக்குத் தெரியவே தெரியாது.

"கடையில் இல்லாவிட்டால் எவன் தேடி வருவான்?" கடையிலும் வையுங்கள், யார் வேண்டாம் என்றது! ஃபயர்ஃபாக்ஸுக்கு மோசில்லாவின் கையொப்பம் எப்படியும் வேண்டும். வாங்கிக்கொண்டு நம் தளத்திலும் கொடுக்கலாம். கடை விற்பனைக்கு, வீடு நமக்கு. "டொமைனைப் புதுப்பிக்க மறந்தால்?" இது நியாயமான பயம். அதனால்தான் ஒருத்தர் பெயரில் மட்டும் சாவி இருக்கக் கூடாது. ஊரிலேயே இருக்கப்போகிற ஒரு ஆசிரியரிடமும் ஜூனியர் ஒருத்தரிடமும் கடவுச்சொல் இருக்கட்டும். ஒரே தடவையில் பத்து வருஷம் வரை பதிய முடியும். ஆளுக்கு இருநூறு முந்நூறு போட்டால் காரியம் முடிந்தது, கேன்டீன் பாக்கியை விடக் கம்மி :-)

எனவே மக்களே, சொற்களைச் சேர்க்க ஆரம்பிப்பதற்கு முன் முகவரியை வாங்குங்கள். கச்சானும் சோழகமும் கடற்கரையில் வாய்வழியாகவே இத்தனை காலம் பிழைத்த சொற்கள். கணினிக்குள் ஏற்றிவிட்டு நாம் தொலைத்துவிடக் கூடாது.

டிஸ்கி: மேலே சொன்ன எந்த நிறுவனத்தோடும் எனக்கு வாய்க்கால் தகராறு கிடையாது. கிட்ஹப்பில் எனக்கும் கணக்கு இருக்கிறது. வீடு மட்டும் அங்கே இல்லை.