வரவேற்றவர் யார்?

"ஒரே மதத்தாருக்குள் பணக்காரர் ஏழையைத் தாங்குவார், இதில் வர்க்கம் எங்கே வந்தது?" என்று நம்மைக் கேட்கும் கனவான்களைக் கிழக்கு லண்டனுக்கு அழைக்கிறோம்.

1881-க்குப் பின், ஜார் ஆட்சியின் கொடுமைக்கும் பட்டினிக்கும் தப்பிய யூதர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்திறங்கினார்கள். யூதச் சீமான்களின் தர்ம சபை என்ன செய்தது? வந்து ஆறு மாதமாகாதவனுக்கு உதவியில்லை என்று விதி வைத்தது! ரொட்டி சுடும் ஓர் ஏழை திறந்த சத்திரத்தை, சுகாதாரக் கேடென்று 1885-ல் மூடவைத்தார்கள். (கூச்சல் கிளம்பிய பிறகே வேறொன்று திறக்கப்பட்டது.) 1888-ல் தலைமை ரப்பி நாதன் ஆட்லர் கிழக்கு ஐரோப்பிய ரப்பிகளுக்கு எழுதினார்: உங்கள் ஜனங்களை இங்கே வரவிடாதீர்கள் என்று!

வரவேற்றவர்கள் தையல்காரர்களும் செருப்புத் தைப்பவர்களுமே. ஓரூர்க்காரர்கள் கூடி, கொல்லைப்புற அறையில் 'ஹெவ்ரா' என்ற சிறு ஜெபக்கூடம் அமைத்தார்கள். வாரம் சில பென்னி சந்தா. நோயில் விழுந்தால் படி. செத்தால் அடக்கச் செலவு. துக்கம் காக்கும் ஏழு நாளும் கூலியிழந்த வீட்டுக்குப் பணம். புதிதாக வந்தவனுக்குத் தன் ஊர்ப் பேச்சும், வேலை கிடைக்கும் பட்டறையின் விலாசமும் அங்கேதான் கிடைத்தன. அந்தப் பட்டறை முதலாளியும் பக்கத்தில் நின்று ஜெபித்தவன்தான். அதையும் நாம் மறைக்கவில்லை.

1889 மார்ச்சில் வேலையற்றோரும் பட்டறைத் தொழிலாளரும் பெரிய ஜெபாலயத்துக்கு ஊர்வலம் போனார்கள். உழைப்பாளியைக் கசக்கிப் பிழியும் பட்டறை முறையைக் கண்டித்து ஒரு பிரசங்கம் கேட்டார்கள். அதுகூடக் கிடைக்கவில்லை. அவ்வாண்டே தையல் தொழிலாளர் வேலைநிறுத்தம் வெடித்தது.

1912-ல் லண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து பட்டினி கிடந்தனர். அவர்களுடைய குழந்தைகள் 300 பேருக்கு மேல் வீட்டில் வைத்துச் சோறு போட்டவை இந்த யூதத் தொழிலாளர் குடும்பங்களே.