எண்ணுகிறவர்களையும் எண்ண வேண்டும்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புலிகளின் எண்ணிக்கை வெளியாகும்போது நாடே கைதட்டுகிறது. 2006-ல் 1,411 என்று வந்து அதிர்ச்சியளித்த கணக்கு, 2018-ல் 2,967 ஆகி, 2022-ல் சராசரி மதிப்பீடாக 3,682-ஐத் தொட்டது. இதே காலத்தில் தமிழகத்தின் கணக்கு 76-லிருந்து 306-க்கு ஏறியது. இந்தப் பெருமையில் அரசுகளும் விஞ்ஞானிகளும் தொண்டு நிறுவனங்களும் பங்கு பெறுகிறார்கள், தவறில்லை. ஆனால், கணக்கெடுப்புக்காகக் காட்டுக்குள் நடப்பவர்களும், மற்ற நாள்களில் அந்தப் புலிகளுக்குக் காவல் இருப்பவர்களுமான வேட்டைத் தடுப்புக் காவலர்களில் பெரும்பாலோர் இன்னும் தற்காலிகப் பணியாளர்கள். அவர்களில் பலர் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், மலசர், காணிக்காரர் போன்ற பழங்குடிகள். அவர்களின் வேலைக்கு உத்தரவாதம் கேட்பதைத் தொழிலாளர் நலக் கோரிக்கையாக மட்டும் பார்த்து ஒதுக்குகிறோம். புலிகளைப் பற்றி நமக்குத் தெரிந்தது எவ்வளவு உண்மை, இனி அவை எவ்வளவு காலம் நிலைக்கும் என்ற இரண்டு கேள்விகளும் அந்தக் கோரிக்கையோடு பிணைந்திருக்கின்றன.

2022 கணக்கெடுப்புக்காகப் பணியாளர்கள் காடுகளில் நடந்த தூரம் 6,41,449 கிலோமீட்டர். 32,588 இடங்களில் தானியங்கி கேமராக்கள் வைக்கப்பட்டன. பதிவான 4.7 கோடிப் படங்களில் புலி இருந்தவை 97,399. வரிகளை ஒப்பிட்டு ஒரு புலியை இன்னொன்றிலிருந்து பிரித்தறியும் வேலையை டேராடூனில் உள்ள இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் மென்பொருள் செய்கிறது. ஆனால், கேமராவை எந்தத் தடத்தில் கட்டுவது என்பதை மென்பொருள் சொல்லாது. ஒரு புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒன்றாக இருக்காது என்பதால், பாதையின் இருபுறமும் ஒவ்வொரு கேமரா வேண்டும். எதிரே புல் வளர்ந்திருந்தால் காற்றடிக்கும்போதெல்லாம் வெற்றுப் படம் விழும். யானை வந்தால் பெட்டியோடு பிடுங்கி எறியும். இவற்றுக்கு முன்பாகவே, ஒவ்வொரு காவல் சுற்றிலும் மூன்று நாள், நாளுக்குக் குறைந்தது ஐந்து கிலோமீட்டர் நடந்து, கால்தடம், எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல் என்று குறித்தெடுக்க வேண்டும். இந்த முதல் படி பிசகினால் அதன்மேல் கட்டப்படும் புள்ளியியல் முழுவதும் பிசகும்.

அந்த நடையின் விலை என்ன என்பதை மகாராஷ்டிரத்தின் தடோபா அந்தாரி புலிகள் காப்பகம் காட்டியது. 2021 நவம்பர் 20 அன்று, இதே கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வனக்காப்பாளர் மூன்று உதவியாளர்களுடன் நடந்துகொண்டிருந்தார். சற்றுத் தொலைவில் ஒரு பெண்புலி வழியில் இருந்தது. சுமார் அரைமணி நேரம் காத்திருந்துவிட்டு, அதை விட்டு விலகி மாற்றுப் பாதையில் போக முயன்றபோது, பின்னால் வந்த புலி அவரைத் தாக்கிக் கொன்றது. அவர் நிரந்தர அரசுப் பணியாளர். உடன் நடக்கும் கூலிக் காவலருக்கு அதே ஆபத்து உண்டு; அவருடைய குடும்பத்துக்கு அதே பாதுகாப்பு உண்டு என்று சொல்ல முடியாது.

நீலகிரியில் நடந்ததும் நினைவிருக்கும். 2021 செப்டம்பர் இறுதியில் தொடங்கி மூன்று வாரம், கூடலூர், மசினகுடிப் பகுதிகளில் ஆட்களைத் தாக்கிக் கொன்ற டி23 என்ற புலியைத் தேடினார்கள். கும்கி யானைகள், மோப்ப நாய்கள், டிரோன்கள், கேமராக்கள் எல்லாம் இறங்கின. சுட்டுப் பிடிக்கும் உத்தரவு பிறந்து, உடனே கொன்றுவிட வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கூறி, கடைசியில் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி உயிரோடு பிடித்தார்கள். இத்தனை கருவிகளுக்கும் திசை காட்டியவர்களில் பழங்குடித் தடமறிவோர் முக்கியமானவர்கள். புல் மடங்கியிருக்கும் விதத்தையும் மான் எழுப்பும் எச்சரிக்கைக் குரலையும் கொண்டு புலி எந்தப் பக்கம் போனது என்று அனுமானிக்கும் அறிவு, பயிற்சி வகுப்பில் ஒரே மாதத்தில் வந்துவிடுவதில்லை.

கீழே நடப்பவரின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா சாட்சி. 2004-05-ல் அங்கே ஒரு புலிகூட இல்லை என்பது தெரியவந்தது. சுனிதா நாராயண் தலைமையிலான புலிகள் பணிக்குழு ஆராய்ந்தபோது, களப் பணியாளர்கள் நேரில் கண்ட புலிகள் வருடத்துக்கு வருடம் குறைந்துவந்தது ஆவணங்களிலேயே இருந்தது. மேலே போன அதிகாரபூர்வக் கணக்கு மட்டும் அந்தச் சரிவைக் காட்டவில்லை. கர்நாடகத்தின் நாகரஹொளே இதற்கு நேர் எதிர். கேமராப் படங்களைக் கொண்டு புலிகளை மதிப்பிடும் முறையை உல்லாஸ் காரந்த் 1990-களில் அங்கே வளர்த்தெடுத்தார். ஆராய்வதற்குப் புலிகள் மிஞ்சியிருந்ததற்கு, வேட்டைக்காரர்களையும் மரக் கடத்தல்காரர்களையும் பல்லாண்டு எதிர்த்து நின்ற வனச்சரகர் கே.எம்.சின்னப்பா போன்றவர்கள் காரணம். காவல் இருந்த இடத்தில் அறிவியல் வளர்ந்தது; காவல் குலைந்த இடத்தில் எண்ண ஒன்றுமே இல்லை.

இனி கேமராவும் டிரோனும் செயற்கை நுண்ணறிவும் பார்த்துக்கொள்ளும், ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொறி வைப்பவன் கேமராவில் பதிவாவதால் பொறி அகன்றுவிடாது. புதருக்குள் கிடக்கும் சுருக்குக் கம்பியைக் கையால்தான் அவிழ்த்தெடுக்க வேண்டும். கேமராக்கள் பெருகப் பெருக, அவற்றைக் கட்டவும் பார்க்கவும் நடக்கும் வேலையும் கூடவே பெருகுகிறது.

பணம் எங்கே என்பது அடுத்த கேள்வி. புலிகள் திட்டத்தின் தொடர்செலவை மத்திய அரசும் பெரும்பாலான மாநிலங்களும் பாதிக்குப் பாதி பகிர்கின்றன. இருவரில் எவருடைய பங்கு தாமதித்தாலும் முதலில் அடிபடுவது கூலிதான். காப்பகங்களின் சுற்றுலா வருமானத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, தாமதக் காலத்தில் சம்பளம் கொடுக்கும் சுழல்நிதி அமைக்கலாம். அவர்களை நிரந்தரமாக்கப் படிப்புத் தகுதி தடை என்று சொல்வதும் எடுபடாது. பத்து ஆண்டு பணி முடித்த வேட்டைத் தடுப்புக் காவலர்களில் ஒரு பகுதியினரைத் தமிழக அரசே வனக்காவலர்களாக எடுத்துக்கொண்டிருக்கிறது. மனம் இருந்தால் விதி வளையும் என்பது நிரூபணமான விஷயம். விதிவிலக்காகச் செய்ததை விதியாக்க வேண்டும். ஒப்பந்த நிறுவனங்களிடம் இந்த வேலையைத் தூக்கிக்கொடுக்கும் யோசனையைக் கைவிட வேண்டும்.

உள்ளூர்க்காரர்களே வேட்டைக் கும்பலுக்கு வழிகாட்டுகிறார்களே என்ற குற்றச்சாட்டு கடுமையானது. அப்படி நடந்ததும் உண்டு. ஆனால், கூலி பாக்கியில் இருப்பவரை விலைக்கு வாங்குவது எளிது. பணிப் பதிவேடே இல்லாதவரைத் துறைரீதியாக விசாரிக்கவும் வழியில்லை. நாளை முதல் வராதே என்று சொல்லலாம், அவ்வளவுதான். நிரந்தரப் பணி என்பது உரிமையோடு பொறுப்பையும் எழுத்தில் கொண்டுவரும்.

மனிதர்கள் இல்லாத காடுதான் புலிக்கு வேண்டும் என்பவர்களின் வாதத்திலும் உண்மை இருக்கிறது. குட்டி ஈன்று வளர்க்கத் தொந்தரவில்லாத பரப்பு புலிக்குத் தேவை. விருப்பத்தோடு, நியாயமான ஈட்டுத்தொகை பெற்று வெளியே வந்த குடும்பங்களும் உண்டு. ஆனால், 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் காப்பகங்களின் உள்வட்டத்தில் இருக்கும் 591 கிராமங்களின் 64,801 குடும்பங்களை இடமாற்றுவதைப் பற்றிப் பேசியது. விருப்பத்தின் பேரில்தான் இடமாற்றம், அதற்கு முன் வன உரிமைகளை அங்கீகரிக்க வேண்டும் என்கின்றன 2006-ன் சட்டங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர்களில் கணிசமானோர் இத்தகைய ஊர்களிலிருந்துதான் வருகிறார்கள். ஊரை அவசரமாகக் கலைத்துவிட்டு, தடம் பார்க்கத் தெரிந்த ஆளை வேறெங்கே போய்த் தேடுவது?

செய்யத்தக்க முதல் வேலை சிறியது. அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பு அறிக்கை காப்பகம் காப்பகமாகப் புலிகளின் எண்ணிக்கையை வெளியிடுகிறது. அதே பக்கத்தில் அங்கே நிரந்தரக் காவலர் எத்தனை பேர், தற்காலிகர் எத்தனை பேர், காலியிடம் எவ்வளவு, எத்தனை மாதக் கூலி பாக்கி, பணியில் இறந்தவர், காயமடைந்தவர் யார், அவர்களின் குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்ற விவரமும் அச்சாக வேண்டும். புலி குறைந்தால் சட்டமன்றத்தில் கேள்வி கேட்கிறோம். காவல் குறைந்த வருடத்திலேயே அந்தக் கேள்வியைக் கேட்க முடிந்தால், இன்னொரு சரிஸ்காவைத் தடுக்க அவகாசம் இருக்கும்.