குசினிக்குத் தேவை இரு வழிகள்

ஐப்பசி பிறந்து, வாடைக்காற்றும் மழையும் தொடங்கிவிட்டால், மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் யன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. கூதலுக்கு அஞ்சி நாம் செய்யும் இக்காரியம் படுக்கையறைக்குப் பொருந்தலாம். எரிவாயு அடுப்பு எரியும் குசினிக்குப் பொருந்தாது. அதன் காரணத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

படுவான்கரைக் கிராமங்களின் பழைய அடுக்களையை எண்ணிப் பாருங்கள். கிடுகுக் கூரைக்கும் மண்சுவருக்கும் இடையே ஒரு சாண் வெளி விடப்பட்டிருக்கும். புகை மேலெழும் இயல்புடையது. ஆகவே மேலே வழிவிட்டால் போதும் என்பது முன்னோர் கண்ட உண்மை. பின்னர் சீமெந்து வீடு வந்தது, எரிவாயுவும் வந்தது. ஆனால் குசினியை அமைக்கும் எண்ணம் மட்டும் மாறவில்லை. உயரத்தில் ஒரு சிறு யன்னல், கீழே யாதொன்றுமில்லை! புதிய எரிபொருளின் இயல்போ புகையின் இயல்புக்கு நேர்மாறானது.

சிலிண்டரில் அழுத்தத்தால் திரவமாக்கப்பட்டிருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் பாரமானவை. கசிந்த வாயு மேலெழாது. சிந்திய எண்ணெயைப் போலத் தரையில் படர்ந்து பள்ளத்தை நாடும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்களவு கலந்தாலே தீப்பற்றிக்கொள்ளும். இயற்கையில் மணமற்ற இவ்வாயுவுக்கு நாற்றமுள்ள பொருளொன்றைச் சேர்த்தே விற்கின்றனர். எனினும் தரையோடு தரையாகக் கிடக்கும் வாயுவின் நாற்றம், நின்று சமைப்பவரின் நாசியை உடனே எட்டும் என்று நம்பியிருத்தல் ஆகாது.

2021 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையின் பல பகுதிகளில் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவற்றை ஆராய அரசு நியமித்த நிபுணர் குழு, சிலிண்டரில் அடைக்கப்பட்ட கலவையின் விகிதம் மாறியதை முக்கிய காரணமாகக் காட்டியது. புரொப்பேன் மிகுந்தால் அழுத்தமும் மிகும். தளர்ந்த இணைப்புகள் கசியத் தொடங்கும். கலவையைச் சரியாக வைத்திருப்பது விற்போரினதும் அரசினதும் கடமை. அப்பழியை இல்லத்தரசியின் தலையில் சுமத்துவது நியாயமன்று. ஆயினும் கசிந்த வாயு வெளியே போகுமா, வீட்டினுள்ளே தேங்குமா என்பதைத் தீர்மானிப்பது குசினியின் அமைப்பே.

ஆகையால் தரைமட்டத்தில் ஒரு வழி வேண்டும். வெளிப்புறச் சுவரின் அடியில் இரண்டு கற்களை எடுத்துவிட்டாற்போன்ற ஒரு திறப்பும், எதிர்ச்சுவரின் உச்சியில் மற்றொன்றும் போதுமானவை. பாம்பும் எலியும் புகும் என்ற அச்சம் நியாயமானதே, கம்பிவலை அடித்துவிடலாம். தாழ்ந்த திறப்பு முற்றத்தை நோக்க வேண்டுமேயன்றி அடுத்த அறையை நோக்கலாகாது.

அடுத்தது நீர் வடியும் துவாரம். இதைப் பலரும் கவனிப்பதில்லை. தரை கழுவிய நீர் ஓடுவதற்கென வைத்த துவாரமே குசினியின் மிகத் தாழ்ந்த இடம். ஆதலால் வாயுவும் அங்கேயே செல்லும். குழாய் மூடிய குழியொன்றில் முடியுமாயின், அக்குழி கண்ணுக்குத் தெரியாத வாயுக் களஞ்சியமாகிவிடும். வளைந்த குழாயில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கி நின்றால் அந்நீரே வாயுவை மறிக்கும் பூட்டாகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழங்காத குழாயின் நீர் வற்றிப் பூட்டுத் திறந்துவிடுவதால், வாரம் ஒருமுறை ஒரு செம்பு நீர் ஊற்றுதல் நன்று. சிலிண்டரைத் துவாரத்தின் அருகே வைக்கலாகாது. அதை எப்பொழுதும் நிமிர்த்தியே நிறுத்த வேண்டும்.

மாணாக்கர் ஒரு கணக்குச் செய்து பார்க்கலாம். புரொப்பேனிலும் பியூட்டேனிலும் உள்ள ஐதரசன் எரியும்போது ஒட்சிசனுடன் கூடி நீராகிறது. ஒரு கிலோ எரிவாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேற்பட்ட நீராவி உண்டாகும். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது ஏறத்தாழ 20 லீற்றர் நீரைக் குசினியில் விட்டுச் செல்கிறது! மாரியில் சுவர் பூஞ்சணம் பிடிப்பதற்கு மழையை மட்டும் நோவது எவ்வளவு தவறு! கனடாவில் வாழும் நம் உறவினர் வீட்டு நிலவறையில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு உலை இருக்கும். புதுவகை உலைகள் புகையைக் குளிர்வித்து அதன் நீராவியின் வெப்பத்தையும் பயன்படுத்துகின்றன. குளிர்ந்த நீர் வடிய அங்கும் ஒரு சிறு குழாய். அதிலும் அதே வளைவு, அதே நீர்ப்பூட்டு.

எரிவதற்குக் காற்றும் வேண்டும். கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 12 கன மீற்றர். காற்றுக் குறைந்தால் சுவாலை மஞ்சளாகும், பானையின் அடி கரியாகும், மணமற்ற நஞ்சாகிய காபனோரொட்சைட்டு உண்டாகும். கல்லடி போன்ற கடலோர இடங்களில் காற்றிலுள்ள உப்புத்தூள் பட்டும் சுவாலையில் மஞ்சட் பொறிகள் தோன்றுவதுண்டு. அவை தோன்றி மறையும், கரி பிடிக்காது. அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. உப்புக்காற்று அரிக்கும் ரெகுலேட்டரையும், வெடிப்புக் காணும் இறப்பர் குழாயையும் பற்றித்தான் அஞ்ச வேண்டும். இணைப்புகளில் சவர்க்கார நுரை தடவிக் கசிவைப் பார்க்கலாம். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது மடமை. நாற்றம் தோன்றினால் மின்விளக்கையோ விசிறியையோ தொடாமல் வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள்.

2011 ஜனவரியில் கண்டதைப் போன்ற வெள்ளம் வருமாயின் மற்றுமொரு செய்தி. நிறைந்த சிலிண்டரும் நீரில் மிதக்கும். உள்ளிருக்கும் திரவம் நீரின் பாரத்தில் ஏறத்தாழப் பாதியே. மிதக்கும் சிலிண்டர் குழாயை அறுத்துக்கொண்டு போகும். நீர் முற்றத்தை எட்டும்போதே வால்வை மூடி, ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, சிலிண்டரைத் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். சேறு புகுந்த ரெகுலேட்டரைத் துடைத்து மீண்டும் பூட்ட எண்ணாமல் புதியதொன்று வாங்குங்கள். வெள்ளம் வடிந்தபின் கிணற்றை இறைப்பது பற்றி அடுத்த வாரம் எழுதுவோம்.