கயிறு கட்டினால் கோழையா?



கித்துல்கலவில் ஹெல்மட்டும் லைஃப் ஜெக்கட்டும் போட்டு ஓடைக்குள் நிற்கும் என் படத்தைப் பார்த்து ஊரே சிரித்துவிட்டது. "சேருக்கு இந்த வயசுல தேவையா?" என்கிறீர்கள். சரி, தொப்பை தெரியத்தான் செய்கிறது. ஆனால் "நம்ம பொடியன்கள் ராவணா எல்லயில கயிறு இல்லாமலே குதிப்பான்" என்று ஒருவர் பெருமையாக எழுதியிருக்கிறாரே, அதைச் சும்மா விட முடியாது.

நான் போனது கெனியனிங். ஓடை வழியே நடந்து, பாறையில் வழுக்கி, குதித்து, கயிற்றில் தொங்கி இறங்குவது. கூட்டிப்போன தம்பி முதலில் கேட்டது, "நீந்தத் தெரியுமா?" நான் "கொஞ்சம்" என்றேன். பொய். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கு நீந்தத் தெரியாது. போன வாரம் பத்தாம் தரத்தில் கேட்டேன். மூன்று கைதான் உயர்ந்தது.

அந்தத் தம்பி தினமும் வேலை செய்யும் இடம் அது. ஆனாலும் ஒவ்வொரு குழியிலும் தான் முதலில் இறங்கி, காலால் துழாவிப் பார்த்த பிறகுதான் எங்களைக் குதிக்க விட்டான். நேற்று இருந்த ஆழம் இன்று இருக்காதாம். தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்குமாம். நடுநடுவே வானத்தையும் பார்த்தான். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்யலாம். தண்ணீர் கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால் அந்த நிமிடமே கரையேற வேண்டும்.

நம் ஓயாவில் குளிக்கும் எந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாவில் மழை. 2014 ஒக்டோபர் 29இல் மீரியாபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த நாமே இன்னும் மழையை விளையாட்டாக எடுக்கிறோம். ஏதாவது நடந்தால் "விதி" என்போம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் பேசுவது ஈமானா, சோம்பலா?

220 மீற்றர் தியலுமவில் வெள்ளைக்காரன் காசு கொடுத்துக் கயிற்றில் இறங்குகிறான். நம் பிள்ளை அவன் பையைச் சுமக்கிறான். அந்தக் கயிற்றைப் பிடிக்கும் வேலையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தால் என்ன?

தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதேச சபைக்கும் கடிதம் எழுதியிருக்கிறேன். குளிக்கும் இடங்களில் கயிறும் மிதவை வளையமும் வேண்டும், பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஏற்பாடு வேண்டும். பள்ளிவாசலிலும் கோயிலிலும் கையெழுத்து வாங்கப் போகிறேன்.

அந்தக் கமென்ட் போட்டவர் என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் வாப்பா. முதல் கையெழுத்துக்கு அவர் வீட்டுக்குத்தான் வருகிறேன். பிளேன்டீ போட்டு வையுங்கள், நானா.