கேள்வி நேரம்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகுமா?

கேள்வி: ''தருமபுரி நகரை ஒட்டி வீடு கட்டிக் குடியேறி பத்து வருடம் ஆகிறது. குழாயில் காவிரித் தண்ணீர் நான்கு நாளைக்கு ஒரு முறைதான் வருகிறது. மற்ற நாட்களில் போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் குடிக்கிறோம். தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், ஏழு வயதுப் பேரனுக்குப் புதிதாக முளைத்த பற்களில் பழுப்புக் கறை தெரிகிறது. இரண்டு வயதுப் பேத்தியும் இதே தண்ணீரைத்தான் குடிக்கிறாள். தண்ணீர்தான் காரணமா?''

- வாசகி ஒருவர், தருமபுரி.

பதில்: பல்லில் கறை வர வேறு காரணங்களும் உண்டு. பேரனைப் பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால், தருமபுரிப் பகுதியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரில் உள்ள ஃபுளோரைடைத்தான்.

இங்குள்ள பாறைகளிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. நீர் பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கும்போது அது கரைந்து கலக்கிறது. நிறம், மணம், சுவை எதிலும் வித்தியாசம் தெரியாது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி, குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி. அதைத் தாண்டினால் பல்லில் கறை படியும். இன்னும் அதிகமாகி, பல வருடங்கள் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும்.

கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகிச் சுண்டும்போது, மிச்சமுள்ள தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் இதை வடிகட்டாது.

குழந்தைக்கு எட்டு வயது ஆகும் வரை ஈறுக்குள் நிரந்தரப் பற்கள் உருவாகிக்கொண்டிருக்கும். பாதிப்பு ஏற்படுவதும் அப்போதுதான். முளைத்த பல்லில் படிந்த கறை தண்ணீரை மாற்றினால் மறையாது. ஆனால், பேத்தியின் பற்களைக் காப்பாற்ற இன்னும் காலம் இருக்கிறது. எனவே, உடனே செய்ய வேண்டியவை:

* தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தப் பாதிப்பைக் குறைப்பதற்காகவே 2013-ம் ஆண்டு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் ஒதுக்குங்கள். சோறும் பருப்பும் வேகும்போது தண்ணீரை இழுத்துக்கொள்வதால், சமையலுக்கும் போர்வெல் தண்ணீர் வேண்டாம். ஆளுக்குத் தினமும் 5 லிட்டர் என்றால், ஐந்து பேருக்கு நான்கு நாளைக்கு 100 லிட்டர். மூடியுள்ள ஒரு டிரம் போதும்.

* சேமித்த தண்ணீரில் கிருமி சேரலாம். அதனால் இதைக் கொதிக்க வைத்துக் குடிப்பதே நல்லது. கைபடாமல் எடுக்க, டிரம்மில் குழாய் பொருத்துங்கள்.

* குளிக்க, துவைக்க, செடிகளுக்கு ஊற்ற போர்வெல் தண்ணீரைப் பயன்படுத்தலாம்.

* பற்றாக்குறைக்கு மாடியில் விழும் மழைநீரைச் சேமிக்கலாம். முதல் மழையை வெளியேற்றிவிட்டு, பிறகு வருவதை வடிகட்டிப் பிடித்து, கொதிக்க வைத்துக் குடிக்கலாம்.

* குழந்தைகளுக்குக் கேழ்வரகு, முருங்கைக்கீரை, தயிர், நெல்லிக்காய் கொடுங்கள். டீயிலும் ஃபுளோரைடு இருப்பதால் அதைத் தவிர்க்கவும்.

பக்கத்து வீட்டு போர்வெல் முடிவை வைத்து உங்கள் தண்ணீரை எடைபோட முடியாது. மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடியுங்கள். பெயர், ஊர், தேதி எழுதி ஒட்டி, மாவட்டத்தில் உள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். ஆர்.ஓ. கருவி வாங்குவதாக இருந்தால், முடிவு வந்த பிறகு வாங்கவும். பொருத்திய பின் அதில் வெளிவரும் தண்ணீரையும் ஒருமுறை பரிசோதிக்கவும்.