தோப்பில் நிற்கும் பட்ட மரம்

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் நம் அங்கத்தினர் பலர், பூச்சி என்றவுடன் மருந்துக் கடையையே நினைக்கின்றனர். தோப்பில் நிற்கும் பட்ட மரத்தை நினைப்பவர் சிலரே. அக்குறையைக் குறித்தே இங்கு எழுதுகிறோம்.

முந்திரிக்குப் பெரும் பகை இரண்டு. ஒன்று தேயிலைக் கொசு. பெயர் கொசுவாயினும் இது நாவாய்ப் பூச்சி இனத்தது. துளிரிலும் பூங்கொத்திலும் சாற்றை உறிஞ்சிக் கருகச் செய்வது. மற்றொன்று தண்டு துளைப்பான். இவ்வண்டு அடிமரத்துப் பட்டை வெடிப்பில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து வேர் வரை செல்லும். அடியில் பிசினும் மரத்தூளும் காணப்படுவதே அடையாளம். முன்னது ஓராண்டு விளைவைக் கொள்ளும். பின்னது முதலையே கொள்ளும்.

விறகு விலை ஏறட்டும் என்று பட்ட மரத்தை நிறுத்தி வைப்பவர் உண்டு. அதனுள் உள்ள புழு வண்டாகி அடுத்தவர் தோப்புக்குப் பறக்கிறது. வண்டுக்கு வேலி ஏது? ஆகவே பட்ட மரம் ஒருவரது சொந்தக் காரியமன்று.

மருந்து ஒன்றே போதும் என்போர் காசர்கோட்டை நினைக்க வேண்டும். அங்கு தேயிலைக் கொசுவை ஒழிக்க முந்திரித் தோட்டங்கள் மீது 2000 வரை பல ஆண்டுகள் விமானத்திலிருந்து எண்டோசல்பான் தெளித்தனர். சுற்றிலும் வாழ்ந்த மக்களின் நோயும் துயரமும் நாடறிந்தவை. 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடை செய்தது. மருந்தே ஆகாது என்பதன்று நம் கருத்து. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தாரைக் கேட்டு, காலமும் அளவும் அறிந்து தெளிக்க வேண்டும் என்பதே.

இலைகளைப் பட்டிழையால் பிணைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு, நெசவாளர்களாகிய நம் சகோதரர்களுக்குத் தொழில்முறையில் உறவு! கடிக்கிறதென்று அதன் கூட்டைக் கொளுத்துகிறோம். வட ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்தோரோ, முசுறு நிறைந்த முந்திரி மரங்களில் தேயிலைக் கொசுவின் சேதம் குறைவெனக் கண்டனர். பறிப்புக் காலத்துக் கடி தொல்லையே. எனினும் கூலியின்றிக் காவல் புரிபவனை விரட்டலாமா?

ஏழை உறுப்பினருக்கு விறகும் காசுதான் என்பதை மறக்கவில்லை. ஆதலால் சங்கமே ஒரு நாளைக் குறித்து, பட்ட மரங்களை வேரோடு அகற்றி, பட்டை உரித்துப் புழுவையும் கூட்டையும் அழித்து, விறகைக் கூட்டாக விற்று உரியவருக்குப் பணம் தரட்டும். நல்ல மரங்களுக்கு அடியிலிருந்து 1 மீட்டர் உயரம் வரை நூற்றுக்கு 5 பங்கு வேப்பெண்ணெய்க் கலவை தடவுவதையும் அன்றே செய்யலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.